ஆமைக் கேள்வி

அடே மொட்டே,

நேற்று ஊர் வரி வாங்கினார்கள். மாசி மகத்துக்கு அம்மனைக் கடலுக்குத் தூக்கிப் போவார்களே, அதற்கான வரி. நீ இருந்திருந்தால் இந்த வருஷம் உன் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டிருப்பார்கள். தையில் உனக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். கோவளத்துப் பெண் இந்நேரம் நம் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். நேற்று அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதோடு நின்ற கை இது. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. உன் அத்தை மகள் பக்கத்தில் உட்கார்ந்து கொம்பும் புள்ளியும் பார்த்து வைக்கிறாள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இந்தக் கரையில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. அவர்களில் யாராவது படித்தாலும் படிக்கட்டும் என்று எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று உனக்குச் சொல்ல வேண்டும் என்று சில புத்திகளைச் சேர்த்து வைத்திருந்தேன். உன் அப்பா இருந்தால் அவர் சொல்லியிருப்பார். நீ இடுப்பில் இருக்கும்போதே அவர் போய்விட்டார், அதனால் நான்தான் சொல்ல வேண்டும். பெண்டாட்டி வந்த பிறகு நீ தலைக்கட்டு, ஊருக்கு வரி கொடுக்கிற வீட்டுத் தலைவன். ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்களோடு பாயில் உட்காருவாய். உட்கார்ந்தால் காலை நீட்டாதே. உன் பேரைக் கூப்பிட்டால் உடனே எழுந்திரு, வரியைக் கையில் மடித்து வைத்திரு, கூப்பிட்ட பிறகு வேட்டி முடிச்சைத் தேடாதே. ஊர்த் தலைவர் நாட்டார் ஒன்று சொன்னால் அந்த இடத்திலேயே எதிர்த்துப் பேசாதே, அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசு. அவருக்குத் தன்னை மெச்சினால் பிடிக்கும், கொஞ்சம் மெச்சிவிட்டுப் பேசு. இப்படியெல்லாம் சொல்ல வைத்திருந்தேன். கடைசியில் அந்தப் புத்தி எல்லாம் எனக்கே தேவைப்பட்டது, நானும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

உனக்கு மொட்டை என்று பேர் வந்ததே உன் தலைமுடியால்தான். திருப்போரூரில் முடி இறக்கினோம், அதன் பிறகு வருஷம் போயும் முளைக்கவில்லை. ஊரே கிண்டல் பண்ணும். நீ அதற்கெல்லாம் அசைகிற பிள்ளை இல்லை. ஒன்றை நினைத்துவிட்டால் அதன் பின்னாலேயே போவாய். கடலில் மீன் இல்லாத நாளில் மாமல்லபுரத்துக் கோயில் பக்கம் போய் வெள்ளைக்காரர்களுக்குச் சோழிமாலை விற்பாய். எமர்ஜென்சி போய் ஓட்டுப் போட்டோமே, அந்த வருஷம் மார்கழியில் அவர்களில் ஒரு தொப்பிக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஆமை முட்டை வைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அந்த மனுஷன் நம் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டார். அவர் உன்னிடம் ஏதோ சொல்லச் சொல்ல, நீ கை கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தாய்.

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாய். அவருடைய ஊரில் ஆளாளுக்குச் சர்க்காருக்கு வரி கட்டுகிற தாள் ஒன்று இருக்கிறதாம். அந்தத் தாளில் புதிதாக ஒரு சின்னக் கட்டம் போடுகிறார்களாம். இஷ்டம் இருக்கிறவன் அந்தக் கட்டத்தில் கோடு போடலாம். போட்டால் அவனுடைய காசில் கொஞ்சம் காட்டு மிருகங்களையும் பறவைகளையும் காப்பாற்றப் போகும். இஷ்டம் இல்லாதவன் கட்டத்தைத் தாண்டிப் போய்விடலாம், ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் சிரித்தேன். வரி கட்டுகிறதற்கே வயிறு எரிகிறவன் எவன் மேலே கூடக் கொடுப்பான் என்றேன். “குடுப்பாங்களாம் யம்மா,” என்றாய். “கேட்டா குடுப்பாங்களாம். நம்மள யாரும் கேட்டதே இல்ல.”

ஆமை முட்டையைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை. உன் அப்பா போன பிறகு நானும் மணலைக் குத்திப் பார்த்து முட்டை எடுத்தவள்தான். ஓலைப்பெட்டியில் அடுக்கிச் செங்கல்பட்டு சந்தையில் விற்று உனக்குச் சட்டை எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது தப்பென்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஆமையைத் தொட்டால் சர்க்கார் பிடிக்கும் என்று பேச்சு வந்தது. ஆனால் சர்க்கார் நம் குப்பத்து மணலில் வந்து காவலா இருக்கும்? மனுஷன் விட்டாலும் நாயும் நரியும் விடாது. பட்டணத்துக் காலேஜ் பிள்ளைகள் வடக்கே கரையோரம் நடந்து முட்டை பொறுக்கிப் பாதுகாத்தார்கள் என்று கேள்விப்பட்டு நீ போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். அவ்வளவு தெற்கே எங்களால் வர முடியாது அண்ணா என்று சொல்லிவிட்டார்களாம். முட்டையைப் புதைத்து வேலி போடச் சவுக்குக் கம்பு வேண்டும், கயிறு வேண்டும், காவலுக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சோறு வேண்டும். அதற்குத்தான் தொப்பிக்காரர் சொன்ன கட்டத்தை நம் ஊர் வரியில் போட்டுப் பார்க்க நினைத்தாய்.

நீ நாட்டாரிடம் போய்க் கேட்டதும் அவர் சொன்னது இன்னும் குப்பம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்கள். “ஆமைக்கு வரியா? ஆமை இன்னா ஓட்டாடா போடுது?” என்றார். “வரி இல்ல மாமா, வரி வாங்கறப்ப ஒரு கேள்வி. அவ்ளோதான்,” என்றாய். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தர், அப்படியே எங்க வூட்டுக் கோழிக்கும் ஒரு கேள்வி கேட்டுடு மச்சான் என்றார். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே விடாமல் உட்கார்ந்திருந்தாய். கடைசியில் நாட்டார் ஒத்துக்கொண்டார். பேர் கூப்பிட்டு வரி வாங்கும்போது ஒவ்வொரு தலைக்கட்டிடமும் ‘ஆமைக்கு?’ என்று ஒரே ஒரு தடவை கேட்பது. உண்டு என்றால் இஷ்டப்பட்டதைத் தனியாகப் போடலாம். இல்லை என்றால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் நீ பிடித்த பிடி எனக்கே பிடிக்கவில்லை. அம்மனுக்குக் கட்டாயம் வாங்குகிறார்கள், ஆமைக்கும் கட்டாயம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று உன்னைத் திட்டினேன். “கட்டாயம்னா குடுப்பாங்க யம்மா. குடுத்துட்டு ஆமைய வெறுப்பாங்க,” என்றாய். “இல்லன்னு சொல்றவனையும் நிம்மதியா வுடணும். அப்பத்தான் அடுத்த வருஷம் அவன் உண்டுன்னு சொல்லுவான்.”

போன வருஷம் மாசியில் முதல் தடவை கேட்டார்கள். நாங்கள் பெண்கள் பூவரச மரத்தடியில் நின்றிருந்தோம். முதல் ஆள் இல்லை என்றதும் எனக்கு உடம்பெல்லாம் சுருங்கிவிட்டது. நீயோ பாய்க்கு வெளியே, கல்யாணம் ஆகாத பிள்ளைகளோடு குந்திக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒருத்தர் உண்டு என்றார். அதற்கப்புறம், நம் கரையிலேயே அதிகம் முட்டை தோண்டினவர் எழுந்து கனைத்துவிட்டு உண்டு என்றார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் பேச்சுப்படி யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காசில் சவுக்குக் கம்பு வாங்கி நீயும் பக்கத்து வீட்டுச் செல்வமும் வேலி போட்டீர்கள். இடுப்பு போய்க் கட்டுமரம் ஏற முடியாமல் கிடந்த உன் சின்னத்தாத்தாவைக் காவலுக்கு வைத்தாய். பங்குனிக் கடைசியில் விடியற்காலை என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாயே, மணலைக் கிளறிக்கொண்டு குஞ்சுகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுகூட இல்லாமல் வந்து கடலைப் பார்த்து ஓடினதை. நான் அழவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இதற்கா இந்தப் பாடு என்றுதான் நினைத்தேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது நீ ஒன்று சொன்னாய். எல்லாரையும் கேட்டார்கள், என்னைத்தான் கேட்கவில்லை என்றாய். உண்மைதான். தலைக்கட்டு இல்லாதவனுக்கு வரி இல்லை, வரி இல்லாதவனுக்குக் கேள்வியும் இல்லை. எல்லாம் செய்த நீ உண்டு என்று ஒரு வார்த்தை சொல்ல ஊரில் உனக்கு இடம் இல்லை. “சீக்கிரம் எனக்குப் பொண்ணு பாரு. கல்யாணத்துக்கு இல்ல, வரிக்கு,” என்று சொல்லிச் சிரித்தாய். ஆவணியில் செல்வத்துக்குக் கல்யாணம் ஆனபோதுகூட, அவன் உனக்கு முந்திக்கொண்டான் என்று அவனைப் போட்டு அவ்வளவு சீண்டினாய்.

கார்த்திகை மழையைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதினாலும் உனக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. நீயும் செல்வமும் ஒரே கட்டுமரத்தில் போனீர்கள். கரைக்கு வருகிற நேரத்தில் அலை உடைகிற அலைவாயில் மரம் கவிழ்ந்தது. அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினான். உன்னை மறுநாள் கொக்கிலமேட்டுப் பக்கம் கடல் கொண்டுவந்து போட்டது. அதற்கப்புறம் செல்வம் என் முகத்தைப் பார்த்துப் பேசினதில்லை. நான் கூடை தூக்கிக்கொண்டு எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவான். அவன் பெண்டாட்டி மட்டும் ஒருநாள் வந்து, ராத்திரியில தூங்க மாட்டேங்குது அத்தே என்றாள். நான் அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன சொல்ல?

இப்போது நேற்றைக்கு வருகிறேன். காலையில் கோயில் முன்னால் பாய் போட்டார்கள். நான் வருவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மரத்தடியில் நின்ற பெண்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள், சும்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரே நினைப்பு. கேட்பார்களா? வேலிக் கம்பு பாதி மக்கிவிட்டது. சின்னத்தாத்தா பொங்கல் முதல் கூலி இல்லாமலே மணலில் உட்கார்ந்திருக்கிறார். ஆமை முட்டை வைக்கக் கரை ஏற ஆரம்பித்துவிட்டது. நாட்டார் முதல் பேரைக் கூப்பிட்டார். அந்த ஆள் எழுந்து வரியைக் கொடுத்தார், உட்கார்ந்தார். அடுத்த பேரைக் கூப்பிட்டார். மறந்திருப்பார் என்று நினைத்தேன். அதற்கடுத்த பேர். அதற்கும் கேட்கவில்லை. உண்டா இல்லையா என்று யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் பேர்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர் பேசி வைத்திருக்கிறது.

என் கால் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பாயின் ஓரத்தில் போய் நின்றேன். எந்தப் பெண்ணும் அங்கே வந்து நின்றதில்லை. பேர் கூப்பிடுவது நின்றது.

“அண்ணே, ஒண்ணு கேக்காம வுட்டுகினே போறியே,” என்றேன்.

நாட்டார் தலையைக் குனிந்துகொண்டார். “இன்னா தங்கச்சி?”

“ஆமைக் கேள்வி.”

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “உன் எதிர்ல அந்தப் பேச்ச எடுக்க வாய் வரல தங்கச்சி. அவனோட அது போவட்டும்னு ஊரே சொல்லுது. உன் மனசு நோவக் கூடாதுன்னுதான்.”

கெட்ட எண்ணம் இல்லை, மொட்டே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எவனாவது ஆமை வேண்டாம், காசு மிச்சம் என்று சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். இவர்கள் எனக்காக, என் முகத்துக்காக உன்னை மூடி வைக்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டுப் பேசுவது லேசான காரியம் இல்லை. “நோவட்டும் அண்ணே. கேளு,” என்றேன். “மொதல்ல என்னைக் கேளு.”

அதற்கு அவர், வரி கொடுக்கிறவர்களைத்தானே கேட்க முடியும், உன் வீட்டுக்கு வரி இல்லையே என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். உன் அப்பா போனதிலிருந்து ஊர் என்னிடம் வரி வாங்கினதில்லை. அதுமட்டும் இல்லை, பெரிய வலை இழுக்கிற நாளில் புருஷன் இல்லாத வீட்டுக்கென்று ஒரு பங்கு மீன் எடுத்து வைப்பார்கள். உன்னை வளர்த்ததில் அந்தப் பங்குக்கும் பங்கு உண்டு.

“அப்ப எனக்கும் வரி போடு,” என்றேன்.

பாயில் சலசலப்பு வந்தது. தாலியறுத்தவளிடம் வரி வாங்கின குப்பம் என்று நாளைக்குக் கோவளம் வரைக்கும் சிரிப்பார்கள் என்றார் ஒருத்தர். இன்னொருத்தர் மெதுவாகத்தான் சொன்னார், வரி வீடு ஆகிவிட்டால் பெரிய வலைப் பங்கு நின்றுவிடும், யோசித்துச் சொல்லு என்று. யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பங்கை வாங்கிக்கொண்டு வந்து யாருக்குக் குழம்பு வைப்பேன்? நிற்கட்டும் என்றேன். கருவாட்டுக் கூடை இருக்கிறது. நாற்றம் அடிக்கிறது என்று கண்டக்டர் திட்டினாலும் செங்கல்பட்டு வண்டியில் மூலையில் நின்றுகொண்டு போகத்தான் போகிறேன்.

நாட்டார் பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் நோட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு, வரி யார் பேரில் என்று கேட்டார். உன் பேரைச் சொல்லத்தான் வாய் வந்தது. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளை தலைக்கட்டு ஆக முடியாது என்பது எனக்குத் தெரியும். உன் அப்பா பேரைச் சொல்லலாம், அவர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் பேரில் என்றேன். அந்தப் பேர் அவருக்கு நினைவில்லை. சொன்னேன். என்னை மொட்டையம்மா என்றுதானே எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் அந்தப் பேரைச் சபையில் சத்தமாகக் கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறார் என்று நின்றிருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் போய் வரியைக் கொடுத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்க்கவே எனக்கு நேரம் ஆயிற்று, உனக்குச் சொல்ல வைத்திருந்த புத்தி அந்த நேரம் நினைவுக்கு வந்து என்ன பிரயோசனம்.

“ஆமைக்கு?” என்று கேட்டார்.

“உண்டு” என்றேன். சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆறவில்லை. அது உன் வாயில் வர வேண்டிய வார்த்தை. நீ எப்படிச் சொல்லியிருப்பாய், சிரித்துக்கொண்டா, முறைப்பாகவா என்று நினைத்தேன்.

நாட்டார் முதல் பேரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். வரி கொடுத்து முடித்தவர்களை எல்லாம் திரும்பக் கேட்டார். உண்டு என்றவர்கள் இருந்தார்கள், இல்லை என்றவர்களும் இருந்தார்கள். நான் அங்கேயே நிற்பதால் வெட்கத்துக்கு உண்டு என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று மரத்தடிக்குத் திரும்பி வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். உனக்கு அது பிடித்திருக்கும். இந்த வருஷம் கம்புக்கும் கயிற்றுக்கும் ஆகும், சின்னத்தாத்தாவுக்குப் பங்குனி வரைக்கும் சோற்றுக்கும் ஆகும் என்று கணக்குப்பிள்ளை சொன்னார்.

கடைசிப் பக்கம் செல்வத்தின் பேர் வந்தது. அவனுக்கு இதுதான் முதல் வரி. எழுந்து கொடுத்தான். “ஆமைக்கு?” என்றார் நாட்டார். நான் திரும்பவில்லை. ஆனால் காது அங்கேதான் இருந்தது. நாட்டார் பேச்சுப்படி இரண்டாவது தடவை கேட்காமல் காத்திருந்தார். பிறகு குரல் வந்தது. “இல்ல.”

என் பக்கத்தில் நின்றவள், கூட வேலி போட்டவன் சொல்ற வார்த்தையா இது என்று வாயெடுத்தாள். பாயிலிருந்தும் ஒரு குரல், டேய் செல்வம், இன்னாடா என்று எழும்பியது. நான்தான் திரும்பினேன். “யாரும் கேக்கக் கூடாது,” என்றேன். “என் புள்ள வெச்ச பேச்சு அது. அண்ணே, அடுத்த பேரக் கூப்புடு.” செல்வம் அப்போது என்னைப் பார்த்தான். கார்த்திகைக்கு அப்புறம் முதல் தடவையாகப் பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்ததை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உடனே செருப்பைக்கூட எடுக்காமல் நடந்து போய்விட்டான்.

இல்லை என்கிறவனை நிம்மதியாக விட வேண்டும் என்று நீ சொன்னாய். விட்டுவிட்டேன். அவன் என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, அவனும் கரையேறி வந்து பாதி உயிரோடு இருக்கிறான். அன்றைக்கு அலையில் நடந்ததை அவனிடம் ஊர் கேட்கவில்லை, போலீஸ்காரர் கேட்டதோடு சரி, நானும் கேட்க மாட்டேன். சாகிற வரைக்கும் அவனைக் கேட்க மாட்டேன். ஆனால் கேட்காமல் அடக்கி வைத்தது எனக்குள்ளேயே கிடக்கிறது. அதை உன்னிடம்தான் கேட்க முடியும். மரம் கவிழ்ந்ததே, அப்போது அவன் உனக்குக் கை நீட்டினானா மொட்டே?